மித்ராவின் பென்சில் எண்

நாலு என்று போடலாம். நாலு பொய்யும் ஆகாது. நூறு பேர் மனுப் போட்டால் நாலு பேரைத்தான் மித்ரா ஆசைப்படுகிற அந்த அமெரிக்கப் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்கிறது, வருகிற பெற்றோரிடமெல்லாம் முதலில் இதைத்தான் சொல்கிறேன், என் அக்கா மகள் என்பதற்காக நாலு பத்தாகிவிடுமா என்ன. பென்சில் கையில் இருக்கிறது. ஃபைலைத் திறந்தால் உள்மடிப்பில், வலது மூலையில், பெற்றோர் வந்து உட்காரும் முன் ஓர் எண்ணை எழுதி வைத்துவிட வேண்டும், வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டுகிற எங்கள் ஆபீஸின் வழக்கம் இது. இந்தப் பிள்ளைக்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கவுன்சிலர் மனசார நினைக்கிற எண். வாயால் சொல்லுகிற எண் வேறு. அது அப்பா அம்மா முகத்தைப் பார்த்து ஏறும், இறங்கும். பென்சில் எண் ஏறாது இறங்காது, பேச்சு முடிந்ததும் ரப்பரால் அழித்துவிடுவோம். பேனாவில் எழுதவே கூடாது என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். பதினோரு வருஷமாக எழுதி எழுதி அழிக்கிறேன், ஒரே ஒரு தடவை தவிர, அந்த ஒரு தடவையை இப்போது நினைக்க வேண்டாம். மணி பத்து இருபது. அக்கா பதினோரு மணிக்கு வருகிறேன் என்றாள். அவளுடைய பதினோரு மணி பதினொன்றரையாகத்தான் இருக்கும், ஆனால் மித்ராவும் கூட வருகிறாள், அந்தப் பெண் எதிலும் நேரம் தவறாது, அதுவும் எரிச்சல்தான். கீழே பேக்கரியில் தேங்காய் பன் வெந்து இறங்கிவிட்டது போலிருக்கிறது, வாசனை மாடிப்படி ஏறி வந்து மேஜை வரைக்கும் நிற்கிறது. காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி நெஞ்சை விட்டு இறங்கவில்லை. இது பசியா, வயிற்றெரிச்சலா? வயிற்றெரிச்சல்தான், சொல்லிவிட்டால் என்ன, அறையில் யாருமில்லை. பதினேழு வயதுப் பெண்ணைப் பார்த்து நாற்பத்தெட்டு வயதுக்காரி வயிறெரிந்து உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணை மட்டுமா, பெற்றவளையும் சேர்த்துத்தான். தமயந்தி பத்தாம் வகுப்பில் கணக்கில் முப்பத்தாறு மார்க். பாஸ் ஆகிவிட்டாளே என்று அப்பா அன்று சாயங்காலம் ஒரு டப்பா ஜாங்கிரி வாங்கி வந்தார். மூன்று வருஷம் கழித்து நான் தொண்ணூற்றெட்டு வாங்கியபோது, "நீ வாங்குவேன்னு தெரியுமே கண்ணு" என்றார், அவ்வளவுதான், ஜாங்கிரி வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்றைக்கும் ஜாங்கிரியைக் கண்டால் எனக்கு ஆகாது. அவளுக்கு முழங்கால் வரைக்கும் முடி, அம்மாவின் சிவப்பு, எதிலே விழுந்தாலும் எழுந்து சிரிக்கிற குணம். எனக்கு வந்த பங்கு படிப்பு ஒன்றுதான், சரி, அதுவாவது எனக்கே எனக்கு என்று இருந்தேன். அவளைக் கோயமுத்தூரிலேயே கணபதியில் ஒரு பம்ப் செட் பட்டறைக்காரருக்குக் கொடுத்தார்கள், என்னைப் பேங்க்காரருக்கு. கல்யாணம், காது குத்து, எங்கே பிள்ளைகள் படிப்புப் பேச்சு வந்தாலும் "சுகந்தியக் கேளுங்க" என்பார்கள், அன்று வராத ஜாங்கிரி அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். இப்போது அந்த ஒரு பங்கும் கணபதிக்குப் போய்விட்டது. வீட்டில் மோட்டார் சத்தமும் கிரீஸ் வாடையும் தவிர ஒன்றும் கிடையாது, புத்தக அலமாரி கிடையாது, டைனிங் டேபிளில் ஸ்பானர் கிடக்கும், அங்கே போய் ஒரு பெண் பிறந்து படிக்கிறாள், படிக்கிறாள், அப்படிப் படிக்கிறாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள். சே, பிரணவ் மக்கு இல்லை. என் பிள்ளையை நானே மக்கு என்கிறேன் பார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவனும் பைக்கை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுகிறான், என்னடா அங்கே என்றால் கறிக்குழம்பு என்கிறான். நான் வைப்பதும் கறிக்குழம்புதான்.

ஃபைலைத் திரும்பப் புரட்டுகிறேன். அமெரிக்கக் காலேஜ்களுக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் ஆயிரத்து அறுநூறுக்கு ஆயிரத்து ஐநூற்று எழுபது. பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே நேர்கோடு. பட்டறை ஆட்களின் பிள்ளைகளுக்கு ஞாயிறு காலையில் கணக்குச் சொல்லித் தருகிறாள், அதைப் போட்டோகூட எடுத்து வைக்கவில்லை, மக்குப் பெண், எதற்கும் ஓர் அத்தாட்சி வேண்டாமா. இதுவெல்லாம் பரவாயில்லை. இப்படி மார்க் வாங்கின பிள்ளைகள் கோயமுத்தூரிலேயே இருபது பேர் இருப்பார்கள், பெங்களூரில் இருநூறு பேர். "ஆசைக்கு மூணு காலேஜ், அளவுக்கு நாலு, ஆபத்துக்கு ரெண்டு" என்று எங்கள் முதலாளி பட்டியல் போடச் சொல்வார், அந்தக் கணக்கில் இவளுக்கு இது ஆசையில் நிற்கும், நாலு சரிதான் என்று போய்க்கொண்டிருந்தேன், எஸ்ஸேயைப் படிக்கிற வரைக்கும். அவளைப் பற்றி அவளே எழுத வேண்டிய ஒன்றரைப் பக்கம். அன்னூரிலிருந்து ஒரு விவசாயி மோட்டார் கொண்டுவருகிறார். அப்பா வெளியூர் போயிருக்கிறார், மித்ராவே மோட்டாரின் செப்புக்கம்பிக் காயிலைச் சுற்றுகிறாள், போனில் தோழியிடம் பேசிக்கொண்டே சுற்றை எண்ணுகிறாள், எண்ணிக்கை தப்பிப்போகிறது. இரண்டாம் நாள் மோட்டார் எரிகிறது. சித்திரை வெயில், மறுபடி சரிசெய்து மாட்டுவதற்குள் நூற்றிருபது வாழை சாய்ந்துவிடுகிறது. அப்பாவோடு போய் அந்தத் தோட்டத்தில் நிற்கிறாள். அந்த மனிதர் திட்டவில்லை, மோர் கொடுக்கிறார். 'மோரில் உப்பு அதிகம். நான் சொல்லவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன் என்று எழுதினால் இது நன்றாக முடியும். ஆனால் நான் மோரைக் குடித்தேன், டம்ளரைக் கழுவி வைத்தேன், பிறகு வண்டியில் ஏறினோம்.' அவ்வளவுதான், முடித்துவிட்டாள். இங்கிலீஷில்தான் எழுதியிருக்கிறாள், எனக்கு அவள் குரல் கேட்கிறது. பதினோரு வருஷத்தில் எத்தனை எஸ்ஸே படித்திருப்பேன், எதையும் முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து படித்ததில்லை. நாலு எங்கே, இதைப் படிக்கிறவன் மனுஷனாக இருந்தால் இருபது, இருபத்தைந்து. மனசாரச் சொன்னால் இருபத்தைந்து. இந்த மாதிரி ஒன்று ஏன் என் வீட்டில் எழுதப்படவில்லை, என் பிள்ளைக்கு ஏன் இப்படி வரவில்லை, நான் அவனுக்கு என்ன குறை வைத்தேன்.

நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், இதே ஐப்பசி, இதே நாற்காலி. பிரணவின் ஃபைல். உள்மடிப்பில் முப்பது என்று எழுதினேன், பேனாவில் எழுதினேன், அழிக்க வேண்டி வராது என்று அவ்வளவு திமிர். ஒன்பது பல்கலைக்கழகம். மார்ச் கடைசியில் ஒவ்வொன்றாகப் பதில் வந்தது, ஒன்பதும் ஒரே மரியாதையான இங்கிலீஷில் இல்லை என்றது. "பரவால்லம்மா" என்றான். என்னைத் தேற்றினான், நான் அவனைத் தேற்றவில்லை. இப்போது தொண்டாமுத்தூர் பக்கம் ஒரு காலேஜில் இரண்டாம் வருஷம், காலையில் போகிறான், சாயங்காலம் வருகிறான், சாப்பிட்டாயா என்றால் ம், பரீட்சை எப்படி என்றால் ம். அவனுடைய எஸ்ஸே செஸ் பற்றி. சேலத்தில் மாநிலப் போட்டி, கடைசி ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டியதைத் தோற்றான். முதலில் அவன் எழுதிக்கொண்டு வந்ததில் ஆரம்பமே நான்தான். ஹாலுக்கு வெளியே ஜன்னலில் அம்மா நின்று நகம் கடிக்கிறாள் என்று ஆரம்பம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னடா இது, அம்மா நகம் கடிக்கிறதையா அமெரிக்காக்காரன் படிக்கணும்?" முதல் பத்தியோடு கீழே வைத்துவிட்டேன். அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறார்கள், அங்கே ஒரு ஃபைலுக்குச் சில நிமிஷம்தான் ஒதுக்குவார்கள், முதல் பத்தி பிடிக்காவிட்டால் மிச்சத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று முதலாளி சொல்லிச் சொல்லி, நானும் எவன் எழுதினாலும் முதல் பத்தியில் தீர்ப்புச் சொல்லிவிடுவேன். பெற்ற பிள்ளைக்கும் அதே சட்டம். நானே உட்கார்ந்தேன். தோல்வி தந்த பாடம், விடாமுயற்சி, அணியினரின் ஆதரவு. பதினாலு தடவை திருத்தினேன், ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டு வைத்திருக்கிறேன். பதினாலாவதில் பிரணவ் எங்கேயும் இல்லை, செஸ் விளையாடத் தெரிந்த ஒரு நாற்பத்தாறு வயதுப் பொம்பளை இருந்தாள். ஒன்பது இடத்திலும் அவளைத்தான் வேண்டாம் என்றார்கள். இது எனக்கு எப்போது தெரியும்? பதில் வந்த அன்றைக்கே தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. வாய்ப்புக் குறைவு, நூற்றுக்கு நாலுதானே, என்று எல்லாரிடமும் சொன்னேன், அக்காகூட என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மணி பத்து ஐம்பது. நவம்பர் ஒன்றுக்குள் ஒரே ஓர் இடத்துக்கு முந்திக்கொண்டு மனுப் போடலாம், போட்டால் கொஞ்சம் கூடுதலாகக் கவனிப்பார்கள். மித்ராவின் அந்த ஒரு மனு எங்கே போக வேண்டும் என்பதை இன்று நான் சொல்ல வேண்டும். நாலு என்று சொன்னால் அக்கா பயந்துவிடுவாள், வேறு சின்ன இடமாகப் பார்த்துப் போட்டுவிடுவார்கள். போடாத மனுவுக்கு இடம் கிடைத்திருக்குமா என்று யாருக்குத் தெரியும்? போட்டுக் கிடைக்காவிட்டாலும் யார் என்னைக் கேட்பார்கள், தொண்ணூற்றாறு பேருக்குக் கிடைப்பதில்லையே. இந்த வேலையில் இது ஒரு சௌகரியம், பண்ணின பாவம் கணக்கிலேயே வராது. என்ன நினைப்பு இது. குழந்தையாக இருந்தபோது இவளுக்கு நான்தான் வசம்பு உரசி வைத்தேன், மொட்டை அடிக்கும்போது என் மடியில்தான் அழுதாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள், சரி, ஊட்டினேன், என் பிள்ளை வளர்ந்தானா. அவள் அமெரிக்கா போவாள், அக்கா போட்டோ அனுப்புவாள், பனியில் நிற்கிற மித்ரா, என் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ம் என்பான். கீழே குனிந்தால் எஸ்ஸேயின் மேல் பென்சில் கோடுகள். எப்போது போட்டேன்? என் எழுத்துத்தான். மோரில் உப்பு என்ற வரி அடிக்கப்பட்டிருக்கிறது. டம்ளர் அடிக்கப்பட்டிருக்கிறது. வண்டியில் ஏறியதற்கு மேலே அம்புக்குறி போட்டு, நல்ல வட்டமான எழுத்தில், இந்த அனுபவம் எனக்குப் பொறுப்புணர்வைக் கற்றுத் தந்தது என்று எழுதியிருக்கிறது. இதே வாக்கியம்தான், பொறுப்புணர்வுக்குப் பதிலாக விடாமுயற்சி, பிரணவுடையதில் கடைசி வரி. அன்றைக்கு ஆசையில் எழுதினேன். இன்றைக்கு எதில் எழுதினேன் என்று எனக்கே நன்றாகத் தெரிகிறது, ஆனால் கோடு அதே கோடு, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, அக்கா நன்றி சொல்வாள். அழித்துவிடலாம். ரப்பர் பக்கத்திலேயே இருக்கிறது. அழித்துவிட்டு ஒரு வார்த்தையும் மாற்றாதே என்று சொன்னால், அப்படியானால் பிரணவுக்கு மட்டும் ஏன் மாற்றினாய் என்று அக்கா கேட்பாள், கபடமில்லாமல் கேட்பாள், அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறேன். உள்மடிப்பில் நாலு என்று எழுதுகிறேன். ரிசப்ஷனிலிருந்து மரகதம் எட்டிப் பார்த்து, "மேடம், உங்க அக்கா வந்துட்டாங்க" என்கிறாள். மணி பத்து ஐம்பத்தெட்டு.

"சுகந்தி, நல்லாருக்கியா கண்ணு? கீழ பன்னு சூடா இருந்துச்சு, வாங்கியாந்தேன், எடு எடு." அக்கா நாற்காலியில் உட்காருவதற்குள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். முடி பாதி நரைத்தும் இடுப்பைத் தாண்டுகிறது. மித்ரா நாற்காலி நுனியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறாள்.

"நேராச் சொல்லிப்போடு. கெடைக்குமா கெடைக்காதா? நீ போடச் சொன்னாப் போடறோம், வேண்டாம்னா விட்டர்றோம். அவரும் அதையேதான் சொல்றாரு, சுகந்தி சொன்னாச் சரியா இருக்கும்னு."

"கஷ்டம்தான்க்கா. எஸ்ஸேயக் கொஞ்சம் திருத்தியிருக்கேன்." என் கை அதை எடுத்து நீட்டுகிறது. நீட்டியே விட்டது.

"திருத்திட்டயா! அது போதும் கண்ணு. பிரணவுக்கு நீ எப்படிப் பாடுபட்டு எழுதிக் குடுத்தேன்னு நான் பாத்தனே, அதே மாதிரி இவளுக்கும் பண்ணிக் குடுத்துட்டா எனக்கு வேற கவலையில்ல."

மித்ரா படிக்கிறாள். இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் அவள் காது மடல் சிவக்கிறது. "நல்லாருக்கு சித்தி" என்கிறாள். மறுபடியும் குனிந்து பார்த்துவிட்டு, "ஆனா நான் மோரக் குடிச்சேன், அவ்வளவுதான் சித்தி. பொறுப்பெல்லாம் ஒண்ணும் கத்துக்கல" என்கிறாள்.

"மித்ரா! சித்திக்குத் தெரியாதா?"

"இல்லம்மா. நான் பழசையே வெச்சுக்கலாம்னு... இன்னொரு காப்பி இருக்குது. பிரணவ் அண்ணன்தான் எடுத்து வெச்சுக்கச் சொன்னான்."

"என்ன சொன்னான்?" என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்கிறது.

அவள் அம்மாவைப் பார்க்கிறாள், பிறகு என்னை. "தப்பா நெனைக்காதீங்க சித்தி. எங்கம்மாகிட்டக் காட்டு, ஆனா காட்டறதுக்கு முன்னாடி ஒரு காப்பி தனியா எடுத்து வெச்சுக்கோ, நானும் எடுத்து வெச்சேன்னு சொன்னான். அவன் மொதல்ல எழுதினத எனக்கு அனுப்பினான். அதப் படிச்சதுக்கப்புறம்தான் நான் எழுதியிருந்ததக் கிழிச்சுப் போட்டுட்டு இத எழுதினேன். அவன் எழுதினதுல பாதிகூட வரல எனக்கு."

"செஸ்ஸா?"

"ஆமா. நீங்க ஜன்னல்ல நின்னு நகம் கடிப்பீங்கல்ல, அது."

அக்கா பன்னைக் கீழே வைக்கிறாள். "இவ எனக்கும் படிச்சு அர்த்தம் சொன்னா கண்ணு. அன்னைக்கு பூரா எனக்கு வேலையே ஓடல."

"கடைசி எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு சித்தி." வெட்கப்பட்டுக்கொண்டே அவள் தமிழில் சொல்கிறாள். "'அம்மா ஏழாவது விரலுக்கு வந்துவிட்டாள். பத்தும் முடிவதற்குள் நான் தோற்றுவிட்டால் அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். ராணியைக் கொடுத்தேன்.'"

ஏசி ஓடுகிறது. முதல் பத்தியோடு கீழே வைத்தேன். ஏழாவது விரல் எந்தக் கையில்? சேலத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அவனோடு பேசவில்லை, ஜெயிக்கிற ஆட்டத்தில் ராணியை யாராவது விடுவார்களா என்று சங்ககிரி தாண்டும்போது ஒரே ஒரு தடவை கேட்டதோடு சரி, "தெரியாம விட்டுட்டேன்ம்மா" என்றான். எனக்குச் சொல்லாததை இவர்களுக்குச் சொல்லியிருக்கிறான். கணபதியில், ஸ்பானர் கிடக்கிற டேபிளில், கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டுச் சொல்லியிருக்கிறான். அக்கா மகளின் எஸ்ஸேயைப் பார்த்து முப்பது நிமிஷமாக வயிறெரிந்தேனே, அது என் வீட்டிலிருந்து போனது.

மித்ராவின் கையிலிருந்து காகிதத்தை வாங்கி அழிக்கிறேன். அழுத்தி எழுதியிருக்கிறேன், பொறுப்புணர்வு முழுசாகப் போக மாட்டேன் என்கிறது. உள்மடிப்பில் இருந்த நாலையும் அழித்து இருபத்தைந்து என்று எழுதி, ஃபைலை அவர்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன், பெற்றோர் பார்க்கவே கூடாத எண்ணை. "இங்கயே போடுங்க. இவ எழுதினதுல ஓர் எழுத்து மாத்த வேண்டாம்."

அக்கா கேட்கிறாள், கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "அப்ப பிரணவுக்கு மட்டும் ஏன் கண்ணு மாத்தின?"

"தப்புப் பண்ணிட்டேன்க்கா. அவனுக்குக் கெடைக்காம போனது என்னாலதான்." சொல்லிவிட்டேன். அக்கா என் கையைத் தேடி எடுத்துக்கொள்கிறாள், அந்தக் கை அவள் கையில் கிடக்கட்டும் என்று விடுகிறேன். பிறகு மித்ராவிடம், "அத எனக்கு அனுப்பறயா?" என்கிறேன்.

"எத சித்தி?"

"பிரணவ் எழுதினத."

போனைக் கையில் எடுத்தவள் நிமிர்ந்து பார்க்கிறாள். "ஏன் சித்தி, உங்ககிட்ட இல்லையா?"

என்னிடம் பதினாலு இருக்கிறது. கீழ் டிராயரில், தேதி போட்டு, வரிசையாக. அது இல்லை.